பூம்பாறைக் குதிரையும் சீமைக் குதிரையும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றாமல் திரும்புவதில்லை. ஏரியைச் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் குதிரை ஏறாமல் திரும்புவதில்லை. 1863-ம் வருஷத்தில் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டுவித்த அந்த ஏரியின் கரையில் வாடகைக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஏறி அமர்ந்தவரின் முகத்தில் வீரம் தாண்டவமாடுகிறது. கடிவாளத்தைப் பிடித்து நடக்கும் பையன் முகத்தில் அலுப்பு. குதிரையின் முகத்திலோ வேதாந்தம். நாமும் ஒரு தடவை ஏறி இறங்கினோம். இறங்கிய பிறகு, "நிஜமாகவே வேலை செய்கிற குதிரையை எங்கே பார்க்கலாம்?" என்று அந்தப் பையனைக் கேட்டோம். அவன் சிறிதும் யோசிக்காமல், "பூம்பாறைக்குப் போங்க, சார்! அங்கே பூண்டு சுமக்கும்" என்றான்.

ஆகையால் மறுநாள் காலையில் மன்னவனூர் பஸ்ஸில் இடம் பிடித்துப் பூம்பாறைக்குப் பிரயாணமானோம். அது நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டென்பது பஸ் ஏறும்போது நமக்குத் தெரியாது.

மலையில் ஒரு படிக்கட்டு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 12 மைல். பாதை முழுவதும் வளைவு. ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் மூடுபனி. மூடுபனிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காமல் இருப்பதே உத்தமம். யூகலிப்டஸும் சீகையும் பைனும் மாறி மாறி வருகின்றன. ஓரிடத்தில் பஸ் திரும்பியதும், பனி திரைச் சீலையைப் போல விலகிற்று. எதிரே கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு; கிண்ணத்தின் நடுவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்; அவற்றைச் சுற்றி மலையின் இடுப்பு வரையில் படிப்படியாக வயல்கள். ஏதோ ஒரு ராக்ஷதன் மலையேறுவதற்காக வெட்டிக்கொண்ட படிக்கட்டு போல் இருந்தது. ஆனால் அந்தப் படிகளை வெட்டியவர்கள் ராக்ஷதர்கள் அல்ல. நம்மைப் போல இரண்டு கை உள்ளவர்கள்தான். கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டி, மழை இழுத்துப் போகும் மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொட்டி, தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது.

ஒரு படியில் உருளைக்கிழங்கு, மற்றொன்றில் காரட், இன்னொன்றில் பட்டாணி. எல்லாவற்றிற்கும் மேலாகப் பூண்டு. கொடைக்கானல் மலைப் பூண்டு என்று 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். சமவெளிப் பூண்டைவிடக் காரமும் மணமும் அதிகம்; பக்குவமாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பிரசவித்த பெண்களுக்கு மருந்தாக இதைத் தேடி வாங்குவார்கள். மலையிலிருந்து இறங்கும் பூண்டு மூட்டைகள் பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள வடுகபட்டிச் சந்தையில் விலையாகின்றன. அந்தச் சந்தை விலை ஏறினால் பூம்பாறையில் கல்யாணம், இறங்கினால் அடகு.

ஊருக்கு நடுவில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனித் தண்டாயுதபாணியைப் போலவே இங்குள்ள மூர்த்தியையும் போகர் நவபாஷாணத்தால் அமைத்தார் என்பது ஐதீகம். அருணகிரிநாதர் இங்கே வந்து அயர்ந்து தூங்கியபோது அரக்கி ஒருத்தி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை வடிவில் அவர் பக்கத்தில் இருந்து விளையாடவே, தாயும் பிள்ளையும் என்றெண்ணி அவள் திரும்பிப் போய்விட்டாளாம். வேலெடுத்துப் போர் புரியாமல், குழந்தையாய் விளையாடியே ஆபத்தைத் தடுத்த இந்த வேலப்பரை நமக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

டீக்கடைப் பெஞ்சு

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பேச்சில் இலங்கை வாடை அடித்தது. விசாரித்தோம். அவர் பிறந்தது நுவரேலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-ம் வருஷத்தில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லக்ஷக்கணக்கான மலையகத் தமிழர்களில் அவர் குடும்பமும் ஒன்று. வாலிபப் பருவத்தில் கப்பலேறி வந்து, மன்னவனூர்ப் பக்கம் குண்டுப்பட்டியில் குடியேறி, காட்டிலாகாவின் சீகை மரத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, கடைசியில் இந்தக் கடையை வைத்திருக்கிறார்.

கடை வாசலில் ஒரு பொதிக் குதிரை நின்றது. குட்டையான உருவம், பழுப்பு நிறம், முதுகில் சாக்கு மெத்தை. அதன்மேல் இரு புறமும் எருமூட்டை தொங்கிற்று. சொந்தக்காரர் பெரியவர் ஒருவர். தலையில் கம்பளிக் குல்லா. பெஞ்சின் மறு கோடியில் இருபத்து மூன்று இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் கைபேசியின் மேல் கவிழ்ந்திருந்தான். பெரியவருக்கு அக்காள் மகன் என்று பிறகு தெரிந்தது.

திடீரென்று கைபேசியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கூச்சல் கிளம்பிற்று. ஒருவன் மூச்சு விடாமல் பத்து இருபது பெயர்களை ஒப்பித்தான். குதிரைக் குளம்புச் சத்தம் மழை போல் கேட்டது. வாசலில் நின்ற பொதிக் குதிரை காதை நிமிர்த்திற்று. நாம் கடிகாரத்தைப் பார்த்தோம்: மணி ஒன்பதரை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நவம்பர் முதல் செவ்வாய் என்றால் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கோப்பைப் பந்தயம்! 1861-ல் ஆரம்பித்த பந்தயம் அது. மெல்போர்ன் நகரத்துக்கு அன்றைக்கு விடுமுறை. அங்கே பிற்பகல் 3 மணி என்றால் நமக்குக் காலை 9-30.

மூன்றரை நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. பையன் கைபேசியை மடியில் வைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, எத்தனையாவது வந்துச்சு?" என்று பெரியவர் கேட்டார்.

"ஏழாவது, மாமா."

"எவ்வளவு?"

"ஒண்ணுமில்லை, மாமா. பணம் வைக்கலை. மனசுக்குள்ளே மட்டும்தான் ஒரு குதிரையை நினைச்சேன்."

"மனசுக்குள்ளே வச்சதும் போச்சா!" என்றார் பெரியவர். கடைக்காரர் சிரித்தார். பையனும் சிரித்தான். ஆனால் பெரியவர் சிரிக்கவில்லை. அவருடைய பார்வை குதிரையின் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு முளைக்குச்சி வெறுமனே நின்றதை நாம் அப்போதுதான் கவனித்தோம்.

பார்க்காத குதிரை

விஷயத்தைப் பெரியவரே சொன்னார். அதில் அவர் ஒளிவு மறைவு வைக்கவில்லை.

பையன் மதுரையில் வேலை பார்த்தபோது கூட்டாளி ஒருவன் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தானாம். யாரோ ஒரு தரகனுக்குக் கைபேசி மூலம் பணம் அனுப்ப வேண்டியது. சீமையில் குதிரை ஓடும். ஜெயித்தால் பணம் திரும்பி வரும். முதல் வாரத்தில் வைத்தது 100 ரூபாய், வந்தது 400 ரூபாய். "தோத்திருந்தா அன்னிக்கே விட்டிருப்பான், ஐயா! ஜெயிச்சதுதான் வினை" என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு அவனுக்கு இராப்பகல் இல்லாமற் போயிற்று. பூகோள சாஸ்திரம் இவ்வளவு கொடுமையானது என்று நாம் அதுவரை நினைத்ததில்லை. காலையில் கண் விழித்தால் ஆஸ்திரேலியாவில் பந்தயம். சாயங்காலம் டீ குடிக்கும் வேளைக்கு, புதன்கிழமையானால் ஹாங்காங்கில் பந்தயம். விளக்கேற்றும் நேரத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும். ஊர் தூங்கிய பிறகு அமெரிக்காவில். மே மாதம் முதல் சனிக்கிழமை மாலையில் கென்டக்கி டெர்பி ஓடும்போது பூம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை. கோழி கூவும் நேரம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் சூரியன் அஸ்தமிப்பதில்லை என்று ஒரு காலத்தில் பெருமை பேசினார்கள். சாம்ராஜ்யம் போய்விட்டது, குதிரைப் பந்தயத்துக்குத்தான் இப்போது அஸ்தமனம் இல்லை.

பூண்டு விற்று வந்த பணம் போயிற்று. அடுத்த நடவுக்கென்று எடுத்து வைத்த விதைப் பூண்டும் விலையாகிப் போயிற்று. 70,000 ரூபாய் கடன் என்று தெரிந்த அன்று பையன் வீட்டுக்கு வரவில்லை. இரவெல்லாம் தேடி, விடியற்காலையில் கோயில் மண்டபத்தில் கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தம்மிடமிருந்த இரண்டு குதிரைகளில் இளைய குதிரையை விற்று, அதோடு கொஞ்சம் நகையையும் சேர்த்துக் கடனை அடைத்தார்.

"பார்க்காத குதிரை வந்து பார்த்த குதிரையைத் தின்னுட்டுப் போச்சு, ஐயா!" என்றார்.

நமக்குத் திருவிளையாடற் புராணம் ஞாபகம் வந்தது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைவன் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். அன்றிரவே பரிகள் மறுபடி நரிகளாயின. காட்டுக்கு ஓடின நரிகள் சும்மா ஓடவில்லை. லாயத்தில் முன்பே நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. அது இறைவனுடைய லீலை. இது கைபேசியின் லீலை. லாயத்துக் குதிரைக்கு நேர்ந்த கதி மட்டும் ஒன்றுதான்.

கொழும்புக் கடை

"இதெல்லாம் கைபேசி வந்து கெட்டதுன்னு நினைக்காதீங்க" என்று கடைக்காரர் குறுக்கிட்டார். "எங்க சிலோன்ல கைபேசி இல்லாமலே நடந்துச்சு."

வாஸ்தவந்தான். வெளிநாட்டுக் குதிரைமேல் பணம் கட்டுவதைத் தமிழர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குத்தான் போக வேண்டும். நுவரேலியாவும் கொடைக்கானலைப் போல வெள்ளைக்காரர்கள் குளிர் தேடி ஏறிய மலை. அங்கே தோட்டத் துரைமார்கள் 1875-ல் பந்தய மைதானம் அமைத்தார்கள். கொழும்பில் 1893 முதல் கறுவாத் தோட்டத்தில் பந்தயம் நடந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அந்த மைதானத்தில் விமானங்கள் இறங்கின. 1950-களின் நடுவில் கொழும்புப் பந்தயம் நின்று போயிற்று.

பந்தயம் நின்றால் சூதாட்டமும் நிற்கும் என்று யாராவது எண்ணியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். உள்ளூர்க் குதிரை போனதும் இங்கிலாந்துக் குதிரை அந்த இடத்துக்கு வந்தது. 'புக்கி' என்று சொல்லும் பந்தயக் கடைகளில், 5,000 மைலுக்கு அப்பால் ஓடும் குதிரைகளின் பெயர்களை எழுதி ஒட்டினார்கள். இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவர்களும் அந்நாட்டுச் சிற்றூர்களின் பந்தய மைதானங்களைப் பெயர் சொல்லிப் பேசினார்கள். அந்தக் கடைகளுக்கு வரி விதித்து 1988-ல் சட்டமே இயற்றினார்கள்.

கடைக்காரருடைய தகப்பனார் சம்பளம் வாங்கின அன்றைக்கு டவுனுக்குப் போவாராம். திரும்பி வரும்போது கையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தால் அன்று ஜெயித்தார் என்று அர்த்தம். "எண்ணெய்ப் போத்தல் வந்தது வருஷத்துக்கு ரெண்டு தரம்" என்றார் கடைக்காரர். "அந்த ரெண்டு தரத்தைத்தான் அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். மத்த ஐம்பது வாரத்தை அம்மாதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு."

இந்தியாவில் மட்டும் என்ன வாழ்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கல்கத்தாப் பந்தயக் கழகம் இங்கிலாந்தின் எப்ஸம் டெர்பியை வைத்து ஒரு 'ஸ்வீப்' சீட்டு நடத்திற்று. 1780-ல் தோன்றிய அந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை முதலில் வரும் என்பதைப் பொறுத்து இந்தியாவில் ஒருவர் குபேரரானார், மற்றவர்களெல்லாம் சீட்டுக் கிழித்தார்கள். பிறகு 1930-ல் அயர்லாந்து தன் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் திரட்டுவதற்காக இதே மாதிரிச் சீட்டை ஆரம்பித்தது. அந்தச் சீட்டு தடை செய்யப்பட்ட தேசங்களில்தான் அதிகமாக விற்றது! 1987-ல் அது முடிவுக்கு வந்தது. நம் பாட்டனார்கள் தபாலில் செய்ததைத்தான் பேரப் பிள்ளைகள் கைபேசியில் செய்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுண்டு. தபால் போய் வருவதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் புத்தி வர அவகாசம் இருந்தது.

கணக்கு வாத்தியார் வருகிறார்

பந்தயத்தை நடத்துகிறவன் ஏன் தோற்பதில்லை என்பதை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். பையன் ஆவலோடு அருகில் வந்தான்.

பிரெஞ்சு தேசத்தில் ஒல்லே என்பவர் 1860-களில் ஒரு முறை கண்டுபிடித்தார். எல்லாருடைய பந்தயப் பணத்தையும் ஒரே குவியலாகச் சேர்க்க வேண்டியது. நடத்துகிறவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது. மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பங்கிட வேண்டியது. பிரான்ஸில் 1891-ல் தனித் தரகர்களை ஒழித்து இந்த முறையையே சட்டமாக்கினார்கள். இந்தக் குவியலைக் கணக்கிட ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஜூலியஸ் என்ற எஞ்சினீயர் ஒரு பெரிய இயந்திரம் செய்தார். முதலில் அதைத் தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காகத்தான் அவர் யோசித்தாராம். சர்க்கார் வேண்டாமென்றது. 1913-ல் நியூஸிலாந்துப் பந்தய மைதானம் வாங்கிக்கொண்டது. ஓட்டு எண்ணப் பிறந்த இயந்திரம் நோட்டு எண்ணப் போயிற்று!

நடத்துகிறவனுடைய பங்கு தேசத்துக்குத் தேசம் மாறும். நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் கட்டுகிற கூட்டத்துக்குத் திரும்பி வருவது 80. அதையே மறுபடி கட்டினால் 64. அடுத்த தடவை 51. அப்புறம் 41, 33, 26, 21, 17, 13. பத்தாவது தடவை கையில் நிற்பது 11 ரூபாய்க்கும் குறைவு. யாரும் மோசடி செய்யவில்லை. குதிரைகள் நியாயமாகவே ஓடின. ஆனாலும் 89 ரூபாய் போய்விட்டது. ஒருவன் ஜெயிக்கலாம், ஒரு நாள் ஜெயிக்கலாம். கூட்டம் ஜெயிக்க முடியாது. தினமும் ஆடுகிறவன் தானே ஒரு கூட்டமாகிவிடுகிறான்.

"குதிரையைப் படிச்சவங்களுக்குத் தெரியாதா, சார்?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. வம்சம், ஜாக்கி, தரையின் ஈரம் எல்லாவற்றையும் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெல்போர்ன் கோப்பை போன்ற பந்தயங்களில் ஒரு விதி உண்டு. நல்ல குதிரை என்று பெயரெடுத்த குதிரைக்கு அதிகச் சுமையும், சாதாரணக் குதிரைக்குக் குறைந்த சுமையும் ஏற்றுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். அதாவது, குதிரையைப் படித்தவனுடைய படிப்பு பயன்படாமற் போவதற்கு ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவர் இதைக் கேட்டதும் முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல குதிரைக்கு அதிகச் சுமையா? இங்கேயும் அதே கதைதான், ஐயா!"

நளன் கதையும் இதைத்தான் சொல்கிறது. குதிரை வித்தையில் நளனுக்கு நிகர் யாருமில்லை. அப்பேர்ப்பட்டவன் சூதில் நாட்டை இழந்தான். சூதாடித்தானே மீண்டும் நாட்டைப் பெற்றான் என்று நேயர்கள் கேட்கலாம். ஆம், ஆனால் அதற்கு முன் அவன் இருதுபன்னன் என்ற மன்னனுக்குத் தன் குதிரை வித்தையைக் கொடுத்து, அவனிடமிருந்து எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டான். கணக்குத் தெரியாமல் ஆடினபோது காடு. தெரிந்த பிறகு நாடு. நம்முடைய கணக்கோ 11 ரூபாயில் முடிகிறது. ஆகவே நமக்கு ஆடாமல் இருப்பதே வித்தை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்துக்கும் குதிரைக்கும் நம் நாட்டில் நீண்ட வழக்கு. சென்னையில் 1777-லேயே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. 1896-ல் பந்தயக் கழகம் ஏற்பட்டது. மகாத்மா காந்தி குதிரைப் பந்தயச் சூதைக் குடிக்குச் சமமான கேடாகவே கருதினார். 1949-ல் சென்னை சட்டசபை குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தில் சேர்த்துச் சட்டம் செய்தது. ஆனால் அந்தச் சட்டம் அமலுக்கு வராமல் கால் நூற்றாண்டு தூங்கிற்று. 1974-ல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது பந்தயத்தையே ஒழிக்க இன்னொரு சட்டம் வந்தது. கழகம் நீதிமன்றம் ஏறிற்று. 1996-ம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, ஆகையால் சூதாட்டமல்ல என்று தீர்ப்பளித்தது. திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உண்டென்பதில் நமக்கும் சந்தேகமில்லை. டீக்கடைப் பெஞ்சில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன திறமை என்பதுதான் நம் கேள்வி. பிறகு 2024-ல் தமிழக அரசு, 1945-ல் 99 வருஷத்துக்குக் கொடுத்த குத்தகையை ரத்து செய்து, கிண்டியிலுள்ள சுமார் 160 ஏக்கர் பந்தய நிலத்தைத் திரும்ப எடுக்க உத்தரவிட்டது. உதகைப் பந்தய மைதானத்தையும் அதே வருஷத்தில் எடுத்துக்கொண்டது.

சீமைக் குதிரை விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அந்நியச் செலாவணி பற்றி 2000-ம் வருஷத்தில் வகுத்த விதிகளின்படி லாட்டரிச் சீட்டுக்கோ, கால்பந்தாட்டப் பந்தயத்துக்கோ, ஸ்வீப் சீட்டுக்கோ இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது. 2025-ல் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றிற்று. எல்லாவற்றுக்கும் பழையது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்காக வழக்குப் போட முடியாது என்கிறது அதன் 30-வது பிரிவு. தரகன் கொடுத்தால் உண்டு. கையை விரித்தால் கோர்ட்டும் கையை விரிக்கும். பையனிடம் இதைச் சொன்னோம். "ஒரு தடவை 9,000 ரூபாய் வரணும், சார். அந்த நம்பரே இல்லாமப் போச்சு" என்றான். பெரியவருக்கு அது புதிய செய்தி. அவர் ஒன்றும் சொல்லாமல் டீயை ஆற்றினார்.

குதிரை ஓட வேண்டுமானால் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா? துபாயில் 1996 முதல் உலகக் கோப்பைப் பந்தயம் நடக்கிறது. பரிசுத் தொகை கோடிக்கணக்கில். ஆனால் அங்கே கூடும் ஜனங்கள் பந்தயம் கட்டுவதற்கில்லை. காசு வாங்காமலே சீட்டுக் கொடுத்து, ஜெயிக்கும் குதிரைகளை ஊகித்தவர்களுக்குப் பரிசு தருகிறார்கள். பையன் மனசுக்குள் நினைத்த ஆட்டம் ஏறக்குறைய அதுதான். சிங்கப்பூரிலோ, 1842-ல் ஆரம்பித்த பந்தயம் 2024 அக்டோபர் 5-ந் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த நிலத்தில் வீடு கட்டப் போகிறார்கள்.

இறக்கத்தில்

பெரியவர் எழுந்தார். மேல் வயலுக்கு எரு கொண்டுபோக வேண்டும், நடவு வேளை. இவ்வருஷம் விதைப் பூண்டை அக்கம்பக்கத்தில் கடனாக வாங்கியிருக்கிறார்களாம். விளைந்ததும் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்ப வேண்டுமாம். மழை அதிகமானால் அழுகும். பனி விழுந்தால் கருகும். சந்தை சாய்ந்தால் எல்லாம் போகும். "நாங்களும் பந்தயம் கட்டுறவங்கதான், ஐயா" என்றார் அவர். "ஆனா, எங்க பந்தயத்திலே தோத்தாலும் மண்ணு இருக்கும்."

பையன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குதிரையின் கயிற்றை அவிழ்த்தான். "நீங்க உட்காருங்க, மாமா. நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றான். பெரியவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "இடது பக்கம் மூட்டை கொஞ்சம் தாழ்ந்திருக்கு, சரிபண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"கைபேசியைப் பிடுங்கி வச்சிடலாமே?" என்று நாம் மெதுவாகக் கேட்டோம்.

"பிடுங்கினா ஒளிஞ்சு பார்ப்பான். என் முன்னாடி பார்க்கட்டும்" என்றார் அவர்.

குதிரை கல் படிகளில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறிற்று. அதற்கு அவசரமில்லை. முன்னால் ஓடும் குதிரையும் இல்லை, பின்னால் துரத்தும் குதிரையும் இல்லை. பையன் மூட்டையைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தான். நாலாவது படி வயலில் பனி இறங்கி இருவரையும் மறைத்தது. கொஞ்ச நேரம் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் அந்தச் சத்தம் ஓயும் வரையில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுத்தார். நம் டீக்கும் சேர்த்துக் கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் நம்மைக் கொடுக்க விடவில்லை.